பழைய பில்லுக்குப் புதிய சட்டம் பாயுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிசகாக இருந்தால் திருத்துங்கள். அப்பா பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர். 2012-லிருந்து 2015 வரை சில கண்மாய்களில் கரை பலப்படுத்தும் வேலை எடுத்துச் செய்தார். போட்ட மண்ணைவிட அதிகமாக எம்-புக்கில் (வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) ஏற்றி பில் வாங்கினார்கள் என்று லஞ்ச ஒழிப்புத் துறை இப்போதுதான் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் இன்ஜினியர்கள் இரண்டு பேர் ஏ-1, ஏ-2. அப்பா ஏ-3. தெரிந்த ஒருவர், "ஐ.பி.சி.யே (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) போய்விட்டது, ஊழல் தடுப்புச் சட்டத்திலும் அந்தப் பிரிவை 2018-ல் எடுத்துவிட்டார்கள், வழக்கு நிற்காது" என்கிறார். உறவினர் ஒருவர், "புதுச் சட்டப்படி பத்து வருஷம் உள்ளே போடுவார்கள்" என்கிறார். எது உண்மை என்று கேட்கிறீர்கள். அதாவது, அரசாங்கத்தை ஏமாற்றியதாகச் சொல்லப்படும் ஒரு பழைய காரியத்தை எந்த வருடத்துச் சட்டத்தை வைத்து அளப்பது என்பதுதான் உங்கள் கேள்வி.

மதுரைப் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாக கிரிமினல் வழக்குகள் நடத்தியவன் நான், அதில் கணிசமானவை விஜிலென்ஸ் (லஞ்ச ஒழிப்பு) வழக்குகள். உங்கள் எஃப்.ஐ.ஆரை நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் வழக்கு என்ன ஆகும் என்று சொல்லப்போவதில்லை. சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல முடியும். முதலாமவர் சொன்னது தப்பு. இரண்டாமவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுவும் ஒவ்வொரு பில்லின் தேதியைப் பொறுத்தது.

எல்லோரும் "கிரிமினல் சட்டம் முன்தேதியிட்டுப் பாயாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 20(1) பிரிவு அவ்வளவு தாராளமாக எதையும் தரவில்லை. அது இரண்டே விஷயம்தான் சொல்கிறது. செய்த அன்று குற்றமாக இல்லாத ஒன்றுக்காக ஒருவரைத் தண்டிக்கக்கூடாது. செய்த அன்று இருந்த சட்டப்படி கொடுத்திருக்கக்கூடிய தண்டனைக்கு மேல் கொடுக்கக்கூடாது. எந்தக் கோர்ட்டில் விசாரிப்பது, எப்படி விசாரிப்பது, போன பணத்தை எப்படித் திரும்பப் பிடுங்குவது என்பது பற்றியெல்லாம் அதில் ஒரு வார்த்தை கிடையாது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டத்தையே நமக்குச் செதுக்கிக் கொடுத்தவை பெரும்பாலும் அரசாங்கப் பணம் சம்பந்தப்பட்ட வழக்குகள்தான். விந்தியப் பிரதேசத்தில் (இன்று மத்தியப் பிரதேசத்தின் ஒரு பகுதி) தொழில் அமைச்சராக இருந்த ராவ் சிவ பகதூர் சிங், பன்னா வைரச் சுரங்க விவகாரத்தில் 1949 ஏப்ரலில் டெல்லியில் 25,000 ரூபாய் லஞ்சம் வாங்கினார் என்று வழக்கு. பிற்காலத்தில் மத்திய அமைச்சராக இருந்த அர்ஜுன் சிங்கின் அப்பா இவர். அவரைத் தண்டிக்கப் பயன்பட்ட அவசரச் சட்டம் வந்தது 1949 செப்டம்பரில், ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்டிலிருந்தே அமலில் இருந்ததாகப் பாவிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1953-ல் இந்தப் பாவனையை ஏற்கவில்லை. 'அமலில் இருந்த சட்டம்' என்றால் அன்றைக்கு நிஜமாகவே இருந்த சட்டம்தான், பின்னால் வந்து "நான் அப்போதே இருந்தேன்" என்று சொல்லிக்கொள்வது செல்லாது என்றது. ஆனால் அவர் அதனால் தப்பவில்லை, ஏனென்றால் லஞ்சம் வாங்குவது அதற்கு முன்பே அங்கே குற்றம்தான். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: குற்றம் நடந்தபோது இல்லாத விசேஷ நீதிமன்றத்தில், வேறு நடைமுறையில் விசாரித்தார்கள் என்பதற்காக மட்டும் தண்டனை செல்லாமல் போகாது.

இதைவிட உங்கள் வழக்குக்கு நெருக்கமானது சத்வந்த் சிங் வழக்கு. அவரும் ஒப்பந்ததாரர். 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் பர்மா அரசாங்கம் ஓடிவந்து சிம்லாவில் உட்கார்ந்துகொண்டது. பர்மாவில் ராணுவத்துக்கு வேலை செய்து பணம் வராதவர்கள் கணக்கைக் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். ரசீது, குறிப்பு எல்லாம் பர்மாவிலேயே போய்விட்டது, யார் போய்ச் சரிபார்ப்பது? செய்யாத வேலைக்கெல்லாம் கணக்குக் கொடுத்து, அதைச் சரி என்று எழுதித்தர ஓர் அதிகாரியையும் பிடித்து, லட்சக்கணக்கில் வாங்கினார் என்பது வழக்கு. எம்-புக்கில் மண் ஏற்றுகிற வேலைக்கு அப்போதே முன்னோடி இருந்திருக்கிறது! 1943-ல் வந்த அவசரச் சட்டம், இப்படி ஏமாற்றி வாங்கிய தொகைக்குக் குறையாமல் அபராதம் போட்டே ஆக வேண்டும் என்றது. இது குற்றத்துக்குப் பின்னால் வந்த கூடுதல் தண்டனை, 20(1)-க்கு விரோதம் என்று அவர் தரப்பில் வாதாடினார்கள்.

அதில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. 1953-லேயே கேதார்நாத் பஜோரியா என்ற கல்கத்தா வழக்கில், ராணுவத்திடம் பொய்யாக நஷ்டஈடு கேட்டு 47,550 ரூபாய் வாங்கியவருக்கு, பின்னால் வந்த மேற்கு வங்கச் சட்டப்படி அந்தத் தொகையையும் சேர்த்து 50,000 ரூபாய் அபராதம் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டாய அபராதத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் சத்வந்த் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் நிறுத்தி யோசித்தது. மோசடிக்கான ஐ.பி.சி. 420-ல் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. ஆக, குற்றம் நடந்த அன்றே எவ்வளவு பெரிய அபராதமும் போட்டிருக்க முடியும். புதுச் சட்டம் குறைந்தபட்சம் ஒன்றை நிர்ணயித்ததே தவிர உச்சத்தை உயர்த்தவில்லை, அதனால் 20(1) மீறப்படவில்லை என்று முடித்தது. இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கொஞ்சம் உறுத்தும். எனக்கு இன்றும் உறுத்துகிறது, ஆனால் பின்னால் வந்ததுதான் நின்றது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அப்பாவின் பில்கள் 2012-லிருந்து 2015 வரை விழுகின்றன. அந்த இடைவெளியின் நடுவில் ஒரு தேதி இருக்கிறது: 2014 ஜனவரி 16. லோக்பால் சட்டம் அமலுக்கு வந்த நாள். அந்தச் சட்டத்தின் வாலில், ஊழல் தடுப்புச் சட்டத்தின் தண்டனைகளை உயர்த்தும் திருத்தமும் ஒட்டிக்கொண்டு வந்தது, பல பேருக்கு இது தெரியவே தெரியாது. அரசு ஊழியரின் ஊழல் நடத்தைக்குத் தண்டனை சொல்லும் 13(2) பிரிவில் அதுவரை குறைந்தது ஒரு வருடம், அதிகம் ஏழு வருடம். அன்றிலிருந்து குறைந்தது நான்கு, அதிகம் பத்து. உங்கள் உறவினர் சொன்ன பத்து வருடம் இங்கிருந்துதான் வருகிறது, 2018-லிருந்தோ 2024-லிருந்தோ அல்ல.

ஆக, 2013 மார்ச்சில் வாங்கிய பில்லுக்கு ஏழு வருடத்துக்கு மேல் போக முடியாது, இது உறுதி. 2014 மார்ச் பில்லுக்கு பத்து வரை போகலாம், இதுவும் உறுதி. அப்புறம், 2013 பில்லுக்கு அந்த நான்கு வருடக் குறைந்தபட்சம் பொருந்துமா? சத்வந்த் சிங் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு அரசு வக்கீல், "பழைய சட்டத்திலேயே நான்கு வருடம் கொடுத்திருக்கலாமே, இதில் என்ன கூடுதல்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு 20(1)-ல் பதில் தேடுவதைவிட சாதாரண விதியில் தேடுவது நல்லது. 1943 அவசரச் சட்டம் பழைய குற்றங்களையும் பிடிக்கவென்றே எழுதப்பட்டது. 2014 திருத்தத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. தண்டனையைக் கூட்டும் திருத்தம், தெளிவாகச் சொல்லாதவரை வருங்காலத்துக்குத்தான் பொருந்தும். என் கணிப்பில் அந்த வாதம் நிற்காது.

இடையில் மாட்டிக்கொள்ளும் பில்தான் தொல்லை. அளவு எழுதியது 2013 டிசம்பர், பில் பாஸ் ஆனது 2014 பிப்ரவரி என்றால்? மோசடி முழுமையாவது பணம் கைமாறும்போதுதான், அதனால் அரசுத் தரப்பு பிப்ரவரி என்றுதான் சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. கூட்டுச் சதி என்று எல்லா வருடத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, சதி 2015 வரை நீடித்தது, ஆகவே எல்லாவற்றுக்கும் பத்து வருடம் என்று குற்றப்பத்திரிகை வருவதையும் பார்த்திருக்கிறேன். சதி தொடர் குற்றம் என்பது சரிதான், ஆனால் அதை வைத்து 2013-ல் முடிந்துபோன ஒரு தனிக் குற்றத்தின் தண்டனையை உயர்த்த முடியாது. குற்றச்சாட்டு வனையும்போதே பில் வாரியாகப் பிரித்து வனையச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே சும்மா இருந்துவிட்டு அப்பீலில் போய் அழுவதில் பிரயோஜனம் குறைவு.

சரி, முதலாமவர் சொன்ன "சட்டமே போய்விட்டது" விஷயத்துக்கு வருவோம். ஒரு சட்டத்தை நீக்கினால் அதன் கீழ் ஏற்கெனவே ஏற்பட்ட பொறுப்பு நீங்காது என்று 1897-ம் வருடத்துப் பொது வாசகச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. 1947-ன் ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ல் நீக்கப்பட்ட பிறகும், அதன் கீழ் வரும் பழைய குற்றத்துக்கு வழக்கு நடத்தலாம் என்று எம்.சி. குப்தா வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே கணக்குத்தான் இங்கும். 2018 ஜூலை 26-ல், அரசு ஊழியர் பதவியைத் தவறாகப் பயன்படுத்தித் தனக்கோ பிறருக்கோ ஆதாயம் தேடுவதைக் குற்றமாக்கிய 13(1)(டி) பிரிவு மறைந்தது உண்மை, ஆனால் அதற்கு முந்தைய காரியங்களுக்கு அது உயிரோடுதான் இருக்கிறது. ஐ.பி.சி. போய் 2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் அதன் 358-வது பிரிவு பழைய குற்றங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதனால்தான் இப்போது போட்ட எஃப்.ஐ.ஆரிலும் 420, 468, 477ஏ, 120பி என்று பழைய எண்களே இருக்கும். விசாரணை நடைமுறை மட்டும் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி ஓடும். பத்து வருடம் கழித்து எஃப்.ஐ.ஆர். போட்டார்களே, காலாவதி ஆகாதா என்றும் யாராவது சொல்லக்கூடும். அதிகபட்சத் தண்டனை மூன்று வருடத்துக்கு உட்பட்ட குற்றங்களுக்குத்தான் அந்தக் காலக்கெடு. 420-க்கு ஏழு வருடம், ஆகவே கெடு கிடையாது. தாமதத்தை வேறு விதமாக வாதத்தில் பயன்படுத்தலாம், அது வேறு கதை.

பின்னால் வந்த சட்டம் தண்டனையைக் குறைத்தால் அதன் பலன் மட்டும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கலாம். 1983-ல் டி. பராய் வழக்கில், உணவுக் கலப்படத்துக்கு மாநிலச் சட்டம் ஆயுள் வரை வைத்திருந்ததை மத்தியத் திருத்தம் மூன்று வருடமாக்கியபோது, குறைந்ததுதான் பொருந்தும் என்றார்கள். இதை வைத்து 13(1)(டி) நீக்கத்தின் பலனைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரே குற்றத்தின் தண்டனையைக் குறைப்பது வேறு, ஒரு பிரிவை எடுத்துவிட்டு வேறு விதமாக எழுதுவது வேறு. அப்பா அரசு ஊழியர் அல்ல என்பதும் தப்பிக்கும் வழியல்ல. அரசு ஊழியரின் ஊழலுக்குத் துணை போன வெளியாளையும் சேர்த்து விசாரிக்கலாம் என்று நல்லம்மாள் வழக்கில் 1999-லேயே தீர்ந்துபோன விஷயம், அது நம் மாநிலத்து வழக்குதான்.

உண்மையிலேயே இழுபறியில் இருப்பது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு. அரசு ஊழியர் தன் பணியில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை பற்றி விசாரிக்க முன்அனுமதி வேண்டும் என்று 2018-ல் வந்த பிரிவு அது. 2018-க்கு முன் நடந்த காரியத்தைப் பின்னால் விசாரித்தால் அனுமதி தேவையா? ஆந்திராவின் திறன் மேம்பாட்டுக் கழக வழக்கில் சந்திரபாபு நாயுடு இதைத்தான் கேட்டார். 2024 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு இரண்டாகப் பிரிந்தது. விசாரணை தொடங்கும் தேதிதான் முக்கியம், அனுமதி வேண்டும் என்றார் நீதிபதி அனிருத்தா போஸ். பழைய குற்றங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்றார் நீதிபதி பேலா திரிவேதி. விஷயம் பெரிய அமர்வை நோக்கிப் போனது. உங்கள் வழக்கில் அனுமதி வாங்கினார்களா, எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று கட்டாயம் பாருங்கள். வாங்கவில்லை என்றால் இன்ஜினியர்கள் தரப்பு அதை எழுப்பும், அவர்கள் பக்கம் கட்டு அவிழ்ந்தால் அப்பாவுக்கும் லேசாகும். ஆனால் அளவைப் பொய்யாக எழுதுவது ஒரு 'முடிவு' அல்லது 'பரிந்துரை' ஆகுமா என்ற கேள்வியும் எழும், அதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஜெயிலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், ஆனால் என் அனுபவத்தில் குடும்பத்தை அதிகம் உலுக்குவது சொத்து முடக்கம். இங்கே 20(1) பெரிதாகக் கை கொடுக்காது. பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த அகதிகளுக்காக அமைத்த நிவாரண அமைப்பில் உயர் பொறுப்பில் இருந்த எஸ்.கே. கோஷ் என்பவர் அரசாங்கப் பணத்தைக் கையாடினார் என்று வழக்கு. (அப்படி நடந்து வந்தவர்களில் நம் ராமநாதபுரம், செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர், அவர்களுக்கான காசு!) 1944-ம் வருடத்துக் கிரிமினல் சட்டத் திருத்த அவசரச் சட்டத்தின்படி அவர் சொத்தைப் பறிக்க முனைந்தபோது, குற்றத்துக்குப் பின் வந்த தண்டனை இது என்று வாதம். உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. இது தண்டனையே அல்ல, சிவில் வழக்குப் போட்டு வசூலிக்கவேண்டிய அரசாங்கப் பணத்தைச் சீக்கிரமாக வசூலிக்கும் வழி, அவ்வளவுதான் என்றது. போர்க்காலத்தில் வந்த அந்த அவசரச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2018 திருத்தம் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்து அதையே திரும்பவும் சுட்டிக்காட்டுகிறது. இது தவிர புதிய நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவும் குற்றத்தில் வந்த சொத்தைக் கோர்ட் மூலம் முடக்க வழி செய்கிறது. அது 2024-க்கு முந்தைய குற்றங்களுக்குப் பொருந்துமா என்று இரண்டு பக்கமும் வாதம் செய்ய இடம் இருக்கிறது, கோஷ் தீர்ப்பைப் பார்த்தால் அரசுத் தரப்பின் கைதான் ஓங்கும் என்று நினைக்கிறேன்.

அமலாக்கத் துறை உள்ளே வந்தால் தேதி வாதம் இன்னும் தளர்ந்துவிடும். விஜய் மதன்லால் வழக்கில் 2022-ல் சொன்னதன்படி, பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் மூலக் குற்றம் எப்போது நடந்தது என்பது முக்கியமில்லை, அந்தப் பணத்தை எப்போது வைத்திருந்தீர்கள், மறைத்தீர்கள், நல்ல பணமாகக் காட்டினீர்கள் என்பதுதான் கணக்கு. 2014-ல் வந்த காசில் வாங்கிய இடம் இன்றும் அப்பா பெயரில் இருக்கிறது என்றால் 'பழைய காரியம்' என்ற வாதமே அங்கே எடுபடுவது கஷ்டம். மூலக் குற்றத்தில் விடுதலையானால் அந்த வழக்கும் விழும் என்பது மட்டும் ஆறுதல். அப்புறம் சிவில் பக்கம்: அரசாங்கம் போடும் வழக்குக்குக் காலக்கெடு முப்பது வருடம். நமக்கு மூன்று, அவர்களுக்கு முப்பது!

இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். உள்நாட்டுப் போரில் ராணுவத்தை ஏமாற்றிய ஒப்பந்ததாரர்களைப் பிடிக்க அமெரிக்காவில் 1863-ல் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட் கொண்டுவந்தார்கள், இன்று அதில் ஏமாற்றிய தொகைக்கு மூன்று மடங்கு கட்ட வேண்டும். 2008 ஜூன் 9-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம் அதன் வீச்சைக் குறைத்தது. கோபமடைந்த காங்கிரஸ் (அவர்கள் நாடாளுமன்றம்) 2009-ல் திருத்தம் போட்டு, 2008 ஜூன் 7 அன்றோ அதற்குப் பின்னோ நிலுவையில் இருந்த 'கிளெய்ம்'களுக்கு அது பொருந்தும் என்றது, அதாவது தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்னாடி. அந்த 'கிளெய்ம்' என்பது அரசாங்கத்துக்குப் போட்ட பில்லா, கோர்ட்டில் போட்ட வழக்கா என்று அங்கே கீழமை நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. தேதியை எழுதத் தெரிந்தவர்களுக்கு, அது எதனுடைய தேதி என்று எழுதத் தெரியவில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஒவ்வொரு வேலைக்கும் ஒப்பந்த எண், எம்-புக் பக்கம், அளவு எழுதிய நாள், செக்-மெஷர்மென்ட் (மேலதிகாரி அளவைச் சரிபார்த்த) நாள், பார்ட் பில், ஃபைனல் பில் பாஸ் ஆன நாள், வங்கியில் பணம் விழுந்த நாள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட் பத்து வருடத்துக்கு முந்தையது, கேட்டவுடன் கிடைக்காது, இன்றே எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளில் 2014 ஜனவரி 16-க்கு நேரே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே எத்தனை பில், கீழே எத்தனை பில் என்று எண்ணிவிட்டு வக்கீலிடம் போங்கள். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆட்சேபக் கடிதம், அளவு குறைவு என்று எழுதிய தபால் ஏதாவது இருந்தால் அதையும் தேடி எடுத்து வையுங்கள். அது கிடைத்தால் தேதி வாதத்தைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் அளவைக் கூட்டியதில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதையே அது தொடுகிறது.